அமெரிக்காவில் பிரான்சைஸ் கொடுக்க எஃப்.டி.டி. தயாரித்த அனுபவம்

எங்கள் பிராண்டின் பெயரில் கடை நடத்தும் உரிமையை, அதாவது பிரான்சைஸை, அமெரிக்காவில் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று முடிவானதும் ஒப்பந்தத்தை எழுதத்தான் வக்கீலிடம் போனோம். அவர் ஒப்பந்தம் அப்புறம், முதலில் எஃப்.டி.டி. என்றார். பிரான்சைஸ் டிஸ்க்ளோஷர் டாகுமென்ட். நம்மை நம்பிப் பணம் போட வருகிறவருக்குத் தெரிய வேண்டியதை 23 தலைப்புகளில், விதி சொல்லும் அதே வரிசையில் எழுதித் தர வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் இதைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய், மேரிலாந்து போன்ற மாநிலங்களில் பதிவு முடியாமல் விற்க முடியாது. டெக்சாஸில் விதிப்படியான எஃப்.டி.டி. கையில் இருந்தால் பதிவிலிருந்து விலக்கு கோரும் நோட்டீஸை ஒருமுறை கொடுத்தால் போதும். எங்கே தொடங்குவது என்று யோசிக்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிக நேரம் தின்றது 21வது தலைப்பு, அதாவது நிதி அறிக்கைகள். சொந்த நாட்டில் ஆடிட் செய்த கணக்கை அப்படியே வைக்க முடியாது, அமெரிக்கக் கணக்கியல் முறைப்படி இருக்க வேண்டும். பல வருடக் கணக்கை மாற்றி எழுதுவதைவிட அங்கே தனியாக ஒரு கம்பெனி தொடங்கி அதன் தொடக்க இருப்புநிலைக் குறிப்பை ஆடிட் செய்து வைப்பது எளிது என்றார்கள், அப்படியே செய்தோம். ஆனால் புதுக் கம்பெனியில் முதலீடு குறைவு என்று பார்த்த ஒரு மாநிலம், கடை திறக்கும்வரை கடை எடுப்பவரிடம் ஆரம்பக் கட்டணத்தை வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. பணவரவுத் திட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது. இருந்தாலும் கடை எடுப்பவர் பக்கமிருந்து பார்த்தால் அது நியாயமான பாதுகாப்பு.

19வது தலைப்பு, அதாவது கடையில் எவ்வளவு வருமானம் வரும் என்பது பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 'மாதம் எவ்வளவு கிடைக்கும்?' என்றுதான் வருகிற எல்லோரும் கேட்பார்கள். அந்தத் தலைப்பில் எழுதாத எந்த வருமானக் கணக்கையும் வாய்மொழியாகக்கூடச் சொல்லக் கூடாது. வாடகையும் சம்பளமும் வேறாக இருக்கும் ஊரில் எங்கள் பழைய கடைகளின் எண்கள் யாரையும் தவறான நம்பிக்கைக்குத் தள்ளிவிடும் என்பதால், வருமானம் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றே எழுதினோம். விற்பனைக் குழுவை உட்காரவைத்து, அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று பழக்கினோம்.

ஆவணம் கொடுத்த பிறகு 14 நாள் முழுதாகக் கழிய வேண்டும், அதுவரை கையெழுத்தும் கிடையாது, பணமும் கிடையாது. முதலில் வந்தவர் அவசரப்பட்டு முன்பணம் தருகிறேன் என்றார், வாங்கவில்லை. ஒப்பந்தத்தில் நாமாக முக்கியமான எதையாவது மாற்றினால், திருத்திய பிரதியைக் கொடுத்து இன்னும் 7 நாள் விட வேண்டும், அவர் கேட்டு மாற்றினால் அது தேவையில்லை. கடைசித் தலைப்பில் இருக்கும் ரசீதில் தேதியோடு கையெழுத்து வாங்கிப் பத்திரமாக வையுங்கள், நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.

இதே ஆவணம் மற்ற நாடுகளுக்கும் ஆகும் என்று எண்ண வேண்டாம். ஆவணம் கொடுத்த பிறகு காத்திருக்க வேண்டியது பிரான்ஸில் 20 நாள், சீனாவில் 30 நாள். ஒரு வருடத்துக்கு மேல் நடத்திய சொந்தக் கடைகள் குறைந்தது இரண்டு இருந்தால்தான் சீனாவில் பிரான்சைஸ் கொடுக்கவே முடியும்.

நிதியாண்டு முடிந்து 120 நாளுக்குள் எஃப்.டி.டி.யைப் புதுப்பிக்க வேண்டும், பதிவு மாநிலங்களில் தனியாகவும் புதுப்பிக்க வேண்டும். ஆடிட்டரிடம் இப்போதே தேதி வாங்கி வைத்திருக்கிறோம்.