எங்கள் வீட்டு மின்சாரத்தின் கரிக் கணக்கு

நாங்கள் ஓர் ஆண்டில் செலவழிக்கும் மின்சாரத்துக்காக எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்று அறிய வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். இணையத்தில் கிடைத்த ஒரு கணிப்பான் மாதக் கட்டணத்தைக் கேட்டது. ரூபாயைப் போட்டேன், வந்த விடையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இங்கே தமிழ்நாட்டில் மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம், அதன்பின் படிப்படியாக விலை ஏறும். அந்தக் கணிப்பானுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கரிக் கணக்குக்குப் பணம் உதவாது, யூனிட்தான் வேண்டும். இலவச யூனிட்டுக்கும் எங்கோ நிலக்கரி எரிந்திருக்கிறது.

மின் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையை எடுத்தேன். ஆறு பதிவுகள்: 310, 420, 560, 480, 390, 340. மொத்தம் 2,500 யூனிட்.

அடுத்து, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ? மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இதை வெளியிடுகிறது. 2023-24க்கு 0.727 கிலோ. குமரி மாவட்டத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சுழலும்போது நமக்கு இன்னும் குறைவாக இருக்க வேண்டாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்புகளோடு இணைந்துவிட்டது. எல்லா நிலையங்களின் மின்சாரமும் ஒரே குளத்தில் விழுகிறது. என் வீட்டுக்கு வந்தது காற்றா, கரியா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நாடு முழுமைக்குமான எண்ணையே எடுத்துக்கொண்டேன்: 2,500 யூனிட்டுக்கு ஏறத்தாழ 1,818 கிலோ.

அதோடு முடித்திருந்தால் கணக்கு குறைபட்டிருக்கும். அந்த 0.727 மின் நிலையத்தின் வாசலில் எடுத்த அளவு. அங்கிருந்து வீடு வரும் வழியில் கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் ஒரு பங்கு வீணாகிறது. இழப்பை 15 சதவீதம் என்று வைத்தால் 2,500 யூனிட் வந்து சேர 2,941 யூனிட் உற்பத்தியாக வேண்டும். அப்போது 2,138 கிலோ. இரண்டு டன்னுக்கு மேல்! சமையல் எரிவாயுவும் பெட்ரோலும் இதில் சேரவில்லை.

எது இவ்வளவு இழுக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் மீட்டரின் முகப்பில் 3200 என்று பொறித்திருக்கிறது. சிவப்பு விளக்கு 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட். ஒரு ஞாயிறு காலை குளிர்சாதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன் நின்றேன். அப்போதும் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை மின்னியது. தொலைக்காட்சிக்குப் பின்னால் செட்டாப் பாக்ஸ் விழித்திருந்தது. ஏழரை வாட். ஆண்டு முழுக்க அப்படியே இருந்தால் ஏறத்தாழ 66 யூனிட், யாருக்கும் பயனில்லாமல்.

அதன் இணைப்பையும் பிடுங்கிவிட்டு அம்மா அறையின் மின்விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டேன். 15 நொடிக்கு ஒருமுறை மின்னியது: 75 வாட். இப்படி மூன்று விசிறிகள், நாளுக்கு 14 மணி நேரம், ஆண்டில் 300 நாள் என்றால் 945 யூனிட். வீட்டில் எல்லோரும் ஏ.சி.யைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். அது ஓடுவதோ கோடையில் சில வாரங்கள்தான்.

சென்ற மாதம் அம்மா அறைக்கு மட்டும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி வாங்கி மாட்டினோம். காற்று பழையபடியே வருகிறது என்றார் அம்மா. மறுபடி அந்த விசிறியைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன் நின்று எண்ணினேன். முப்பத்தேழு நொடிக்கு ஒருமுறை மின்னியது.