கைபேசி ஒலிக்காத ஊருக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள்

ஆர்க்டிக் பகுதியிலுள்ள இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்திற்கு ஆய்வாளர்களை அனுப்பும் நிறுவனங்களுள் ஒன்றில் நான் பணியாற்றிய ஆண்டுகளில், பயணத்தில் இருப்பவர்களின் குடும்பத்தாரோடு தொடர்பில் இருக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பனியாற்றை அளக்கவும் கடல்நீரின் வெப்பத்தைப் பதிவு செய்யவும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். அவர்களை நினைத்து இரவில் தூக்கம் வராமல் தொலைபேசியைக் கையில் எடுக்கும் தாய்க்கும் மனைவிக்கும் தகப்பனாருக்கும் பதில் சொல்ல இங்கே ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆறுதல் சொல்லும் வேலை என்றுதான் அதை எல்லாரும் குறிப்பிட்டார்கள். ஆறுதலான சொற்களுக்கு அந்த வேலையில் மிகக் குறைந்த இடமே உண்டு என்பது என் அனுபவம்.

ஹிமாத்ரி இருக்கும் நீ-ஓலசுண்ட், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ 79 பாகை வடக்கில் உள்ள ஒரு சிறு குடியிருப்பு. 2008 ஜூலை 1 அன்று இந்தியா அங்கே தன் நிலையத்தைத் திறந்தது. முன்பு நிலக்கரி எடுத்த ஊர் அது; இன்று பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அங்கு அருகருகே இயங்குகின்றன. கோடையில் 100 பேருக்கு மேல் இருப்பார்கள்; குளிர்காலத்தில் 30, 40 பேர்தான். குடும்பத்தாரை முதலில் கலங்க வைப்பது இவை எதுவும் அல்ல, அங்கே கைபேசி இயங்காது என்னும் செய்திதான். விண்வெளியின் வெகு தொலைவிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளைப் பதிவு செய்து, அதைக் கொண்டு பூமியின் சுழற்சியையும் நிலத்தட்டுகளின் நகர்வையும் கணிக்கும் ஓர் ஆய்வுக்கூடம் அவ்வூரில் இருக்கிறது. அதற்கு இடையூறு நேரக் கூடாது என்பதற்காக வைஃபை, புளூடூத் இரண்டும் அங்கே தடை செய்யப்பட்டிருக்கின்றன. வருபவர்கள் கைபேசியை விமானப் பயணத்தில் வைப்பதைப் போல அலைத்தொடர்பின்றி வைத்துவிட வேண்டும். கம்பி வழியாக இணையம் உண்டு. மடிக்கணினியில் கம்பியைச் செருகிப் பேசலாம், மின்னஞ்சல் அனுப்பலாம். ஆனால் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி ஒலிக்காது.

நம் வீடுகளில் அணைந்து கிடக்கும் கைபேசி விபத்தின் முதல் அறிகுறி. பேருந்தில் வரும் மகளின் எண் அரை மணி நேரம் கிடைக்காவிட்டாலே வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறவர்கள் நாம். ஆகவே புறப்படுவதற்கு முன் குடும்பத்தாரை வரவழைத்துப் பேசும் கூட்டத்தில், குளிரைப் பற்றியோ பனிக்கரடியைப் பற்றியோ வாய் திறப்பதற்கு முன்பே கைபேசியைப் பற்றிச் சொல்லிவிடுவேன். "அவருடைய எண்ணுக்கு நீங்கள் கூப்பிட்டால், 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றோ 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றோதான் எப்போதும் வரும். அதற்கு அங்கே எந்தப் பொருளும் இல்லை. பொருள் உள்ளது எது என்பதை இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன்" என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுப்பேன். எந்தெந்த நாளில், இந்திய நேரப்படி எப்போது அவர் பேசுவார், களப்பணிக்குப் போகும் நாட்களில் எவ்வளவு நேரம் செய்தி வராமலிருக்கலாம், அந்த நேரம் கடந்தால் நீங்கள் கேட்காமலே நாங்கள் எப்போது அழைப்போம் என்ற விவரங்கள் அதில் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பதாகப் பின்னாளில் சொன்னார். "தம்பி, தேதி தாண்டுனா தானே நான் பயப்படணும்? தாண்டல, அதான் கூப்பிடல" என்று அவர் சொன்னபோது, அந்தக் கூட்டத்திற்குச் செலவிட்ட உழைப்பு முழுவதும் பயன்பட்டதாக உணர்ந்தேன்.

'எல்லாரும் நலம்' என்ற செய்தியை அப்படியே வீட்டாருக்குச் சொல்லக் கூடாது என்னும் பிடிவாதம் எனக்கு ஸ்வால்பார்டின் வரலாற்றைப் படித்ததால் வந்தது. 1897 ஜூலையில் சுவீடனைச் சேர்ந்த ஆந்த்ரேயும் தோழர்கள் இருவரும் அத்தீவுக்கூட்டத்தின் வடமேற்கு மூலையிலிருந்து வடதுருவத்தை நோக்கிப் பலூனில் கிளம்பினார்கள். அவர்கள் 13ஆம் தேதி ஒரு புறா வழியாக அனுப்பிய குறிப்பு ஒரு கப்பலுக்குக் கிடைத்தது. பலூனில் அனைவரும் நலம் என்று அதில் எழுதியிருந்தது. அது அவ்வேளையில் உண்மைதான். மறுநாளே பலூன் பனிமேல் இறங்கிவிட்டது. மூவரின் உடல்களும் ஒரு தீவில் கண்டெடுக்கப்பட்டது 1930இல்தான். அத்தனை ஆண்டுகள் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவர்களுடைய வீடுகளில் எப்படி நாளைக் கழித்திருப்பார்கள் என்பதை என்னால் எண்ணிப் பார்க்கவே முடிந்ததில்லை. நலம் என்ற செய்திக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுச் செய்தியாகும். ஆகவே "நன்றாக இருக்கிறார்" என்று சொல்வதற்குப் பதிலாக, "நேற்று இரவு நம் நேரம் ஒன்பதரைக்கு அவரே எழுதிய மின்னஞ்சல் வந்தது, இன்று வானிலை மோசமென்பதால் வெளியே போகவில்லை, அடுத்த தகவல் நாளை மாலை வரும்" என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். கேட்பவர்களுக்கு இது முதலில் வறட்சியாகத் தோன்றும். சில வாரங்களில் அவர்களே "கடைசியாக எப்போது பேசினீர்கள்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிக் கவலை குறைந்துவிட்டது என்று பொருள்.

குடும்பத்தார் அஞ்சுவது ஒன்றாகவும், அஞ்ச வேண்டியது வேறாகவும் இருப்பதுண்டு. ஸ்வால்பார்டின் மேற்குக் கரையை ஒட்டி வெதுவெதுப்பான ஒரு கடல் நீரோட்டம் செல்வதால், அந்த அட்சரேகைக்கு அங்கே குளிர் குறைவுதான். லடாக்கின் திராஸில் அதைவிடக் கடுமையான குளிரில் மக்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள். பனிக்கரடி உண்மையான ஆபத்து. 2020 ஆகஸ்டில் ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியன் அருகே கூடாரத்தில் தங்கியிருந்த ஒருவரைக் கரடி கொன்ற செய்தி, தேதியில்லாமல் வாட்ஸ்அப்பில் மீண்டும் மீண்டும் சுற்றி வரும். அது வரும்போதெல்லாம் என் தொலைபேசி ஒலிக்கும். ஆபத்தே இல்லை என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. களத்திற்குப் போகிறவர்கள் துப்பாக்கிப் பயிற்சி பெற்றே போகிறார்கள், வானொலிக் கருவி இல்லாமல் போவதில்லை, கரடி வந்தால் யாரும் ஓடி நுழைந்துகொள்ள அவ்வூரில் கட்டிடங்களின் கதவுகளைப் பூட்டாமல் வைக்கிறார்கள் என்று நடப்பதைச் சொன்னேன். கதவு பூட்டுவதில்லை என்ற ஒரு செய்தி, பத்து உறுதிமொழிகளைவிட அதிகமாக மனத்தைத் தேற்றியதைக் கண்டிருக்கிறேன்.

யாரும் கேட்காதது இருளைப் பற்றி. 2023 டிசம்பரிலிருந்து இந்திய ஆய்வாளர்கள் குளிர்காலத்திலும் அங்கே தங்குகிறார்கள். அக்டோபர் இறுதியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுப்பகுதிக்குப் பிறகே தொடுவானுக்கு மேல் வரும். அந்த இருளில் தூக்கம் ஒழுங்கு தவறும், பேச்சு குறையும். வழக்கமாகக் கலகலப்பாகப் பேசும் கணவர் ஜனவரியில் "ம்" என்று மட்டும் சொன்னால் அதற்கு மனைவி தன்னைக் காரணமாக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, இதையும் முன்பே விளக்கிவிடுவேன்.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது எதிர்த்திசையிலிருந்து வந்த வேண்டுகோள். வீட்டில் ஏதேனும் நேர்ந்துவிடும். அப்பாவுக்கு நெஞ்சுவலி, பாட்டி மருத்துவமனையில், குழந்தைக்குக் காய்ச்சல். உடனே எனக்கு அழைப்பு வரும்: "சார், அவனுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. அங்கே தனியா இருக்கான், தாங்க மாட்டான்." இந்த வேண்டுகோளில் இருக்கும் அன்பை நான் மதிக்கிறேன், நம் குடும்பங்களில் துயரத்தை மறைப்பதும் ஒரு காவல்தான். ஆயினும் அதற்கு நான் இணங்கியதில்லை. நிலையத்திலிருப்பவர் வீட்டிலிருந்து வரும் சொல்லை நம்புவதை ஒரு முறை நிறுத்திவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு நல்ல செய்தியையும் ஐயத்தோடுதான் கேட்பார். பனியாற்றின் மேல் நடக்கும்போது அந்த ஐயம் கவனத்தைச் சிதறடிக்கும். எனவே புறப்படும் முன் ஒவ்வோர் ஆய்வாளரிடமும் தனியாக அமர்ந்து, "உங்கள் வீட்டில் உடல்நலக் குறைவு என்றால் எப்போது சொல்ல வேண்டும், மரணம் என்றால் யார் சொல்ல வேண்டும், எந்த மொழியில்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வேன். சிலர் உடனே சொல்லுங்கள் என்பார்கள். ஒருவர், களத்திலிருந்து திரும்பிய பிறகு, நிலையத் தலைவர் அருகில் இருக்கும்போது சொல்லுங்கள் என்றார். குடும்பத்தார் மறைக்கச் சொல்லும்போது, "அம்மா, இதை அவரே முடிவு செய்து எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று அந்தத் தாளைப் படித்துக் காட்டுவேன். பெரும்பாலும் அதற்குப் பின் மறுமுனையில் அழுகை வரும், எதிர்ப்பு வந்ததில்லை. பலர் தாங்களே மகனிடம் சொல்ல முன்வந்தார்கள். அவர்கள் பேசும் நேரத்தில் அவன் தனியாக இராதபடி நிலையத்தில் ஏற்பாடு செய்வது மட்டுமே அப்போது என் வேலை.

லாங்இயர்பியனில்தான் மருத்துவமனை; 100 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு, சிறு விமானமோ ஹெலிகாப்டரோ வேண்டும், வானிலை கெட்டால் காத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டே பிள்ளையை அனுப்ப ஒரு குடும்பம் சம்மதிக்கிறது. அந்தச் சம்மதத்தைப் பெறும் நிறுவனங்கள், கருவிகளுக்கும் குளிராடைக்கும் பணம் ஒதுக்குவதைப் போலவே, குடும்பத்தாரின் அழைப்பை எடுக்கும் ஒருவருக்கும் ஊதியம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறு வேலைகளுக்கு இடையே யாரோ ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடக்கூடிய பணி அல்ல அது. குளிர்காலத்திலும் ஹிமாத்ரியில் விளக்கு எரியத் தொடங்கிய பின், இரவில் அழைக்கும் வீடுகளின் எண்ணிக்கையும் கூடும். அவர்களுடைய மொழியில் பேசத் தெரிந்தவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.