மலிவுக் கேமராவை ரோபோவின் கண்ணாக்குதல்: இதுவரை செய்து பார்த்தவை

பச்சைப் பந்தைத் தேடிச் சென்று அதன் முன் நிற்கும் இரு சக்கர ரோபோவுக்கு, ஈஎஸ்பி32-கேம் என்ற, கேமராவும் சிறு கணினிச் சில்லும் சேர்ந்த பலகையைக் கண்ணாகப் பொருத்திச் சோதித்து வருகிறேன். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சிஎம்யூகேம் வரிசையில் வந்த பிக்ஸி என்ற ரோபோ கேமரா, நிறத்தைக் கொண்டு பொருளின் இடத்தைத் தானே கணக்கிட்டுச் சொல்லிவிடும். ஆனால் அதன் விலை இப்பலகையைப் போலப் பல மடங்கு. அந்தக் கணக்கை மலிவான பலகைக்கு நாமே எழுத முடியுமா என்பதே என் கேள்வி.

இதிலுள்ள ஓவி2640 சென்சார் 1600×1200 பிக்சல் வரை படம் தரும் என்றாலும், பந்தைக் கண்டுபிடிக்க 160×120 தாராளமாகப் போதும். ஒரு பிக்சலுக்கு இரண்டு பைட் என்ற கணக்கில் அதுவே 38,400 பைட் ஆகிறது. மோட்டார்களை இயக்கும் அர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற கட்டுப்பாட்டுப் பலகையின் ராம் (தற்காலிக நினைவகம்) வெறும் 2,048 பைட் என்பதால், படம் முழுவதையும் ஈஎஸ்பி32 பார்த்துக்கொண்டு, பந்தின் மையம் எந்த நெடுவரிசையில் இருக்கிறது, பச்சைப் பிக்சல்கள் எத்தனை என்ற இரண்டு எண்களை மட்டும் சீரியல் இணைப்பு வழியாக அதற்கு அனுப்புகிறது. முதல் எண் எந்தப் பக்கம் திரும்புவது என்பதையும், இரண்டாவது எண் பந்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் காட்டிவிடுகின்றன. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தால் கேமராப் பலகை ரீசெட் ஆகாதிருக்க, அதற்குத் தனி 5 வோல்ட் ரெகுலேட்டர் கொடுத்திருக்கிறேன்.

உண்மையான சிக்கல் பிக்சல்களில் இல்லை, வெளிச்சத்தில்தான் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளை நேரடியாக ஒப்பிட்டால், பந்தின் நிழல்பட்ட பாதி கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது; அவற்றை நிறக்கோணமாக (நிறவட்டத்தில் ஒரு நிறம் இருக்கும் இடத்தை 0 முதல் 360 வரை சொல்லும் எண்) மாற்றிப் பார்த்தால் முழுப் பந்தும் ஓரளவு ஒரே எல்லைக்குள் நிற்கிறது. சிவப்பின் கோணம் 0, 360 ஆகிய இரு முனைகளிலும் பிளவுபடுவதால் பச்சையே எழுத வசதியானது. ஆயினும் கேமரா தானே நிறங்களைச் சமன்செய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இயங்கும்வரை எந்த எல்லையும் நிலைக்காது. பந்து அருகில் வந்து படத்தை நிரப்பியதும், பச்சை மிகுந்துவிட்டது என்று கருதி கேமரா அதைக் குறைக்கிறது. ரோபோ சரியாக நெருங்கும் நேரத்தில் பந்து கணக்கிலிருந்து மறைகிறது. ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் (சென்சார் ஒளியை வாங்கும் நேரம்), கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) மூன்றின் தானியங்கி இயக்கத்தையும் நிறுத்தி, மதிப்புகளை நிலையாக வைத்த பிறகே நம்பத்தக்க விடை கிடைத்தது. இந்த முயற்சியில் எனக்கு மிகவும் பயன்பட்ட மாற்றம் இதுதான்.

நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய ட்யூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுங்குவதால், எக்ஸ்போஷர் நேரம் 10 மில்லி வினாடியின் மடங்காக இல்லாவிட்டால் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழுகின்றன. பகல் வெயிலுக்கோ அது மிக நீண்ட நேரம். அதனால் இப்போது இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்துக் கையால் மாற்றுகிறேன். படத்தின் சராசரி வெளிச்சத்தைப் பார்த்து, ரோபோ நிற்கும்போது மட்டும் தானாக மாறும்படி அடுத்து எழுதவிருக்கிறேன்.