30 மெகாபிட்டுக்கு எத்தனை ஈ1? மல்லாவியில் பட்ட பாடு

மல்லாவியில் ஓர் அலுவலகத்துக்கு 30 மெகாபிட் இணைப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மாங்குளம் ரவரிலிருந்து அங்கே போகும் மைக்ரோவேவ் பெட்டியோ பழையது. முகப்பில் 16 ஈ1 என்று பொறித்திருந்தது. ஈ1 என்பது ரெலிபோன் பேச்சுக்காக வந்த பழைய லைன் அளவு, அதாவது அதில் அப்படிப் பதினாறு லைன் போகும். நாங்கள் இன்று மெகாபிட்டில் கதைக்கிறோம். அந்தப் பெட்டிக்கு ஈ1 மட்டும்தான் தெரியும். ஒன்றை மற்றதாக மாற்றி, போதுமா போதாதா என்று எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. போதும் என்று எழுதினேன். பிழைச்சுப் போச்சு.

முதல்நாள் இரவு இன்ரநெற்றில் கிடைத்த ஒரு கணிப்பானில் 30ஐப் போட்டேன். 20 ரீ1 வேண்டும் என்றது. ரீ1 வட அமெரிக்க அளவு: 24 குரல் வழி, 1.544 மெகாபிட். இலங்கையில் ஓடுவது ஐரோப்பிய வழக்கமான ஈ1, 2.048 மெகாபிட். நல்லகாலம், அதைக் கவனித்துவிட்டேன். காலையில் எங்களோடு வேலை செய்யும் அண்ணையிடம் கேட்டேன்.

"ஒரு ஈ1 ரெண்டு மெக் தம்பி. பதினைஞ்சு லைன் போட்டா முப்பது. மிச்ச ஒண்டை ரெலிபோனுக்கு விடு."

15ஐ 2.048ஆல் பெருக்கினேன்: 30.72. மிச்சமும் இருக்கிறது என்று நம்பிக் கையெழுத்து வைத்தேன்.

பொருத்தி முடித்துச் சோதனைக் கருவியைப் போட்டால் 27.7 காட்டியது. மூன்று மெகாபிட்டைக் காணவில்லை. ஒரு லைன் விழுந்தால் இரண்டு குறையும், இரண்டு விழுந்தால் நாலு. மூன்று எப்படிக் குறையும்? அந்த ஒற்றை எண்தான் என்னை மதியம் வரை அலைக்கழித்தது.

பெட்டி இருந்த அலுமாரிக்குப் பின்னால் போய், செம்மண் புழுதி படிந்த கோஅக்சியல் வயர்களை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தேன். பதினோராவது வயரின் முனையைக் கழற்றினால் நடு ஊசி உள்ளே போய்க் கிடந்தது. வெளி வளையம் இறுக்கமாகப் பூட்டியிருந்ததால் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. வெட்டி, புது முனை அடித்துப் பூட்டியதும் 29.7 ஆனது.

இரண்டு வந்துவிட்டது. இன்னும் ஒன்று எங்கே?

விடை ஈ1 உருவான விதத்திலேயே இருந்தது. அது குரலுக்காகப் பிறந்த லைன். ஒரு குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64 கிலோபிட். அதுதான் ஓர் அறை. அப்படி 32 அறைகளை அடுக்கினால் 2048 கிலோபிட். (1024இன் இரட்டை மாதிரித் தெரிந்தாலும் இங்கே கிலோ என்றால் ஆயிரம்தான்.) அந்த 32இல் முதல் அறையில், அதாவது பூச்சிய அறையில், சட்டகம், அதாவது அந்த 32 அறைகளின் ஒரு சுற்று, எங்கே தொடங்குகிறது என்ற அடையாளம் போகும். ரெலிபோனுக்குப் பாவித்தால் 16ஆம் அறை அழைப்புச் சைகைக்குப் போய், பேச 30 வழி மிஞ்சும். தரவுக்கு 16ஆம் அறையையும் எடுக்கலாம், பூச்சிய அறையைத் தொட முடியாது. ஆகவே ஒரு ஈ1 தரவுக்குத் தருவது 1.984 மெகாபிட். பதினைந்து லைனுக்கு 29.76. காணாமல் போன ஒரு மெகாபிட், பதினைந்து பூச்சிய அறைகள்!

அதற்குள் அலுவலகத்துத் தங்கச்சி தன் திரையைக் காட்டினா. "முப்பது எண்டு சொன்னியள் அண்ணா, இதில மூண்டரைதானே ஓடுது?" அது மெகாபைற். எட்டுப் பிட் ஒரு பைற், ஆகவே எட்டால் பெருக்கிப் பார்க்கவேணும், தரவைத் துண்டு துண்டாகக் கொண்டுபோகும் பொதிகளின் தலைப்புக்கும், அதாவது விலாசத்துக்கும், கொஞ்சம் கழியும் என்று விளங்கப்படுத்தினேன். விளங்கிக்கொண்டா. ஆனாலும் 30 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 29.7ஐ விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. ஐயன்கன்குளத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து, ஒரு பத்திரத்துக்காக அந்த வாங்கில் காத்திருக்கும் சனத்தின் நேரம் அது.

ரெலிபோனுக்கு விட்ட பதினாறாவது லைனைப் பார்த்தேன். 30 வழி இருக்கிறது, அங்கே இருப்பதோ எட்டு ரெலிபோன். ஆள் பேசினாலும் பேசாவிட்டாலும் ஈ1 முழு இடத்தையும் பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு முனையிலும் சின்னக் குரல் கேற்வே வைத்து, பேச்சையும் தரவுப் பொதியாக அனுப்பினோம். சுருக்காத ஒரு பேச்சு, தலைப்புகளோடு சேர்த்து ஈதர்நெற்றில் 87.2 கிலோபிட் எடுக்கும். எட்டும் ஒரே நேரத்தில் பேசினாலும் 0.7 மெகாபிட்தான். பதினாறு லைனும் தரவுக்கென்றால் 31.744. அதில் 0.7 போனாலும் 31 மிஞ்சும். குரலுக்கு முன்னுரிமை போட மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் பெரிய கோப்பு ஒன்று இறங்கும்போது பேச்சு வெட்டும்.

இப்போது ஆராவது கேட்டால் மெகாபிட்டை 1.984ஆல் வகுத்து, வரும் எண்ணை மேலே முழுதாக்குகிறேன். 50 என்றால் 26 ஈ1. 100 என்றால் 51. அது எஸ்ரீஎம்-1 என்ற, 63 ஈ1 கொள்ளும் பெரிய லைன் ஒன்றில் அடங்கிவிடும்.

பின்னேரம் கருவி 30ஐத் தாண்டியது. அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் "தரவு 16 ஈ1, ஒன்று 1.984" என்று மார்க்கரால் எழுதி, பதினோராவது வயரில் திகதி போட்டு நாடா சுற்றிவிட்டு, மாங்குளம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.