கிளி இருக்கும் வீட்டில் சாம்பிராணி வேண்டாமே

வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, வாசனை ஸ்பிரே, எண்ணெய் டிஃப்யூசர் எதுவும் கிளி, லவ் பேர்ட்ஸ் இருக்கும் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு ஆகாது. பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. காற்றிலுள்ள நச்சு நம்மைவிட வேகமாக உடம்பில் ஏறிவிடும். நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே அடுப்பில் காயவிட்டால் வரும் புகைக்கு மணமே இருக்காது, ஆனால் சில நிமிடங்களில் பறவையின் உயிரைப் பறித்துவிடும்.

கூண்டு வாடையை வாசனை போட்டு மறைக்காதீர்கள், அதன் மூலத்தை எடுங்கள். கூண்டின் அடித்தட்டில் விரித்த செய்தித்தாளைத் தினமும் மாற்றுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் நறுக்கிய பழம் சீக்கிரம் புளிக்கும், 2 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள்; வழவழவென்றிருந்தால் வாடை அங்கிருந்துதான்.

காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் தூசு பறக்கும். பறவையை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு துடைத்து, வெறும் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துப் பறவையை விடுங்கள். வினிகரோடு பிளீச் மட்டும் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

குப்பைத்தொட்டி அடியில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு வையுங்கள். கூண்டுக்குள் போடாதீர்கள், கொத்தித் தின்றுவிடும்.