12 வருட தம், 18 மாத வேப்

ஊதச் சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது, ராத்திரி நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி நீட்டும் கருவிதான். 2023 நவம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், சிகரெட்டை விட உதவும் மையத்தின் ஒரு சின்ன அறைக்குள் அதேபோல ஒன்றை நீட்டினார்கள். மூச்சை இழுத்து 15 விநாடி பிடித்துவைத்து, நெஞ்சு காலியாகும்வரை மெதுவாக ஊத வேண்டும். எண் ஏறிக்கொண்டே போய் 22-இல் நின்றது. மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடின், அதாவது புகையிலை எரியும்போது வரும் நச்சு வாயுவின் அளவாம். 10-க்குக் கீழே இருந்தால்தான் புகைக்காதவர் கணக்கில் சேர்ப்பார்கள்.

"காலையிலிருந்து எத்தனை?" என்று கேட்டார் எதிரே இருந்த ஆலோசகர் அம்மா. ஐந்து என்றேன். அப்போது மணி 11கூட ஆகவில்லை.

2011-இல் கோயம்புத்தூரில் கல்லூரி எதிரே இருந்த டீக்கடையில் ஆரம்பித்தது. அப்புறம் சென்னையில் வேலை, அங்கேயும் ஒரு டீக்கடை. இரண்டு இடத்திலும் ஒற்றை சிகரெட்தான் வாங்குவேன். ஒரு டீ, ஒரு தம். அடுத்தது வேண்டுமென்றால் எழுந்து, லிஃப்டில் இறங்கி, சாலையைக் கடந்து போக வேண்டும். அந்தச் சோம்பேறித்தனமே என்னை நாளைக்கு ஆறேழில் நிறுத்திவைத்திருந்தது என்பது 2021-இல் லெஸ்டருக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இங்கே ஒற்றை விற்பனை கிடையாது. 20-க்குக் குறைந்து பாக்கெட்டே இல்லை. பையில் 20 இருந்தால் கை சும்மா இருக்குமா? இரண்டு வருடத்தில் நாளைக்கு 14 ஆகிவிட்டது. பாக்கெட் 15 பவுண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வாரம் ஐந்து பாக்கெட். ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை அந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த அறைக்குப் போவதற்கு முன்பே இரண்டு முறை வேப், அதாவது நிக்கோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட், முயன்று தோற்றிருந்தேன். முதல் முறை, மூலைக் கடையில் கிடைத்த, தீர்ந்ததும் தூக்கிப் போடும் வகை. மாம்பழத்தையும் மென்தாலையும் சேர்த்துக் குழைத்த வாசனை. சிகரெட் குறையவில்லை. சிகரெட்டுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை அது நிரப்பியது, அவ்வளவுதான். இரண்டாவது முறை புத்திசாலித்தனமாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, மில்லிக்கு 3 மில்லிகிராம் மட்டுமே நிக்கோடின் உள்ள திரவத்தை வாங்கினேன். நிக்கோடின்தானே விஷம், குறைவாக இருப்பது நல்லதுதானே என்ற கணக்கு. இரண்டு நாள் வெறும் ஆவியை இழுத்துவிட்டு மூன்றாம் நாள் மழையில் நடந்து போய் பாக்கெட் வாங்கினேன். அந்தக் கருவி சாக்ஸ் டிராயருக்குள் போனது.

பிறகு, நான் பதிவு செய்திருந்த மருத்துவமனையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. புகைப்பதை விட உதவி வேண்டுமா, ஆம் என்றால் பதில் அனுப்புங்கள். அனுப்பினேன். லெஸ்டர் நகரத்தின் புகை நிறுத்த உதவி மையம் 2014-லேயே மின்சிகரெட்டோடு வருபவர்களையும் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்த மையம் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. 2023-இல் பிரிட்டிஷ் அரசே 10 லட்சம் பேருக்கு வேப் கொடுத்து சிகரெட்டை விடவைக்கப் போவதாக அறிவித்திருந்தது. ஊரில் எலெக்ட்ரானிக் சிகரெட் என்றால் போலீஸ் பிடிக்கும், இங்கே ஆஸ்பத்திரிக்காரர்களே கொடுக்கிறார்கள். கொஞ்ச நாள் அதை நம்பவே முடியவில்லை.

ஆலோசகர் அம்மா என்னை "மீ டக்" என்று கூப்பிட்டார். லெஸ்டர்க்காரர்கள் பஸ் டிரைவர் முதல் நர்ஸ் வரை எல்லோரையும் அப்படித்தான், வாத்தே என்று கொஞ்சுவார்கள். தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச், நிக்கோடின் சூயிங்கம், மாத்திரை, வேப் என்று நாலையும் மேஜையில் பரப்பினார். 3 மில்லிகிராம் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். உன்னைக் கட்டிப்போட்டிருப்பது நிக்கோடின், ஆனால் நுரையீரலையும் இதயத்தையும் கெடுப்பது பெரும்பாலும் புகை என்றார். வேப்பில் எதுவும் எரிவதில்லை. அதனால் தாரும் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை. தீங்கே இல்லையா என்று கேட்டேன். "அப்படி நான் சொல்லவே இல்லை. நீ புகைக்காதவனாக இருந்திருந்தால் இதைத் தொடாதே என்றுதான் சொல்லியிருப்பேன்." அந்தப் பதில்தான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம்.

கொடுத்தது விரல் நீளத்தில் ஒரு கருவி, திரவத்தை நிரப்பிக் கருவியில் செருகும் 'பாட்' என்ற சின்னக் குப்பி இரண்டு, மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோடின் உள்ள திரவம் நாலு பாட்டில். 20-தான் இங்கே சட்டம் அனுமதிக்கும் உச்சம். பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது, குப்பி 2 மில்லிக்கு மேல் கொள்ளக் கூடாது. கண்ணுக்கு மருந்து விடுவது போலத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. மூடி குழந்தைகள் திறக்க முடியாதபடி அழுத்தித் திருகும் வகை. முதல் நாள் 33 வயது ஆளாலும் திறக்க முடியவில்லை.

நிரப்பினேன், உடனே வாயில் வைத்து இழுத்தேன். தாளிக்கும்போது கடுகும் மிளகாயும் சேர்ந்து கருகினால் ஒரு கமறல் வருமே, அதைத் தொண்டைக்குள்ளேயே யாரோ தாளித்தது போல இருந்தது. கண்ணில் தண்ணீர். பாட்டுக்கு உள்ளே சூடாகும் கம்பிச் சுருளை, அதாவது காயிலைச் சுற்றிப் பஞ்சு இருக்கிறது. அது திரவத்தைக் குடித்து ஊற 10 நிமிஷமாவது விட வேண்டும். ஊறாத பஞ்சைச் சூடாக்கினால் பஞ்சுதான் கருகும். கருகிய காயிலைக் கழுவியெல்லாம் சரிசெய்ய முடியாது. முதல் பாட் முதல் இழுப்பிலேயே குப்பைக்குப் போனது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பலர் இங்கேதான் வெறுத்துப்போய் நிறுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இழுக்கும் விதமும் வேறு. சிகரெட்டைப் போல வெடுக்கென்று இழுத்தால் திரவம் கொப்புளித்து நாக்கில் ஏறும். தொண்டையில் மிளகு வைத்தது போல எரியும். மெதுவாக, மூணு நாலு விநாடி, இளநீரில் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுகிற மாதிரி இழுக்க வேண்டும். சிகரெட் கொடுக்கிற அந்த 'குப்'பென்ற அடி இதில் கிடைக்காது. வருகிற நிம்மதியும் தாமதமாகத்தான் வரும். வாய் எப்போதும் வறண்டுகொண்டே இருக்கும், தண்ணீர் பாட்டில் கூடவே வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஊதினேன். 12. பாதிதான் குறைந்திருந்தது, காரணம் எனக்குத் தெரியும். நாளைக்கு நாலு சிகரெட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் உடம்புக்குப் பெரிய லாபமில்லை என்று அந்த அம்மா முகத்துக்கு நேரே சொன்னார். எந்த நாலு என்று எழுதிவரச் சொன்னார். எழுதினால் நாலில் மூன்று டீயோடு வருவது. 12 வருடமாக டீ தனியாகத் தொண்டைக்குள் இறங்கியதே இல்லை. அதனால் டீயை மாற்றினேன். பெல்கிரேவ் சாலையில் ஒரு குஜராத்தி இனிப்புக் கடை இருக்கிறது, உள்ளே உட்கார்ந்துதான் டீ குடிக்க முடியும். மாலையில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். புகைக்க வேண்டுமென்றால் டீயை விட்டுவிட்டு வெளியே டிசம்பர் குளிரில் நிற்க வேண்டும். டீ ஜெயித்தது. டிசம்பர் 10-ஆம் தேதி கடைசி பாக்கெட்டில் இரண்டு மிச்சம் இருந்தது, அதைத் தண்ணீரில் நனைத்துப் போட்டேன். நனைக்காமல் போட்டால் குப்பைத்தொட்டியிலிருந்து எடுப்பேன் என்பது என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மை. அடுத்த முறை ஊதியபோது எண் 2.

அதற்கு அப்புறம் சில நாளில் சாம்பார் கொதிக்கும்போது பெருங்காயம் தனியாக, கொத்தமல்லி தனியாக மூக்கில் ஏறியது. கூடவே என் குளிர்கால கோட்டின் நாற்றமும் தெரிந்தது. இத்தனை வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

2024 பிப்ரவரியில், தை முடிவதற்குள், தங்கை கல்யாணம். திண்டுக்கல் போக வேண்டும், 19 நாள். வேப்பை எடுத்துப்போக முடியாது. இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டு, அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாம் குற்றம். முதல் முறைக்கே ஓர் ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே. கல்யாண வீட்டுக்குப் போகிறவன் விமான நிலையத்தில் உட்கார முடியுமா? ஆலோசகரிடம் போய் நின்றேன். 21 மில்லிகிராம் பேட்ச் கொடுத்தார். தினமும் காலையில் ஒன்று, இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் அரிக்கும். தூக்கத்தில் கண்டபடி கனவு வந்தால் படுக்கும்முன் எடுத்துவிடலாம். எனக்கு வந்தது. கல்லூரித் தேர்வு, பேனா எழுதவில்லை.

மூன்றாம் நாள் பனியனோடு உட்கார்ந்திருந்தேன், அம்மா பார்த்துவிட்டார். "கையில என்னடா பிளாஸ்திரி?" ஊசி போட்ட இடம் என்றேன். "ஊசி போட்டா இத்தாம் பெருசாவா ஒட்டுவாங்க? சிகரெட்ட விடுறதுக்குத்தானே?" 12 வருடமாக வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்ததை அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே முடித்துவைத்தார். "உங்கப்பாவுக்கும் அந்த பபுள்கம் ஒண்ணு மெடிக்கல்ல வாங்கியாந்தேன். மெல்ல மாட்டேன்னுட்டார்."

பேட்ச் ஏக்கத்தின் உயரத்தைக் குறைக்கிறது, உண்மைதான். ஆனால் கைக்கும் வாய்க்கும் அது ஒன்றும் தராது. வேப் எதைத் தந்துகொண்டிருந்தது என்பது அது இல்லாத அந்த 19 நாளில்தான் புரிந்தது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, சமையல் கொட்டகைக்குப் பின்னால், மாமா மகன் கூப்பிட்டான். "என்ன மாப்ள, லண்டன் போயி சாமியார் ஆயிட்டியா?" லண்டன் இல்லடா, லெஸ்டர் என்றேன். அதற்குள் சிகரெட் என் விரலில் இருந்தது. அடுப்புச் சாம்பலை நக்கியது போல இருந்தது, தலை சுற்றியது. இருந்தாலும் முழுசையும் அடித்தேன். மறுநாள் இன்னும் இரண்டு. மொத்தம் மூன்று. லெஸ்டருக்குத் திரும்பி வந்து ஆலோசகர் அம்மாவிடம் சொன்னபோது, "மூன்றுதானே, 300 இல்லையே" என்று ஊதும் கருவியை எடுத்தார்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் தேன்மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்திலேயே சிகரெட் ஒற்றையாகக் கிடைக்கிறது. வேப் மட்டும் தடை. அது நியாயமா என்று பலமுறை எனக்குள் வாதாடியிருக்கிறேன். ஆனால் லெஸ்டரில் மாலை 4 மணிக்குப் பள்ளிச் சீருடையில் பையன்கள் மாம்பழ வாசனையை ஊதிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதையும் பார்க்கிறேன். சிகரெட்டைத் தொட்டே இராத பிள்ளைகள். 2025 ஜூன் 1 முதல், தூக்கிப் போடும் வேப்பை இங்கேயும் தடைசெய்துவிட்டார்கள். இதில் எனக்கு ஒரே ஒரு கட்சியில் நிற்க முடியவில்லை.

சரி, சிகரெட் போய்விட்டது. வேப்? அதை யாரும் முன்கூட்டியே அழுத்திச் சொல்வதில்லை. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. எரிந்து தீர்ந்ததும் நசுக்கிவிட்டு உள்ளே வரலாம். வேப்புக்கு முடிவே கிடையாது. வேலையில் கேமராவை அணைத்துவிட்டுக் கூட்டத்தின் நடுவே இழுத்தேன். தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினேன். ராத்திரி 3 மணிக்கு விழித்தால் கை தானாகத் தேடும். ஐந்து நாள் வந்த பாட்டில் மூன்று நாளில் தீர்ந்தது. இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்து, 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றைப் படித்தேன். ஓராண்டு முடிவில் வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பேட்ச், சூயிங்கம் வகைகள் கொடுக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வேப்பால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் வேப்பை விடவில்லை. அந்த 80-க்குள் நானும் இருந்தேன்.

2024 செப்டம்பரில் 20 மில்லிகிராம் திரவத்திலிருந்து 10-க்கு இறங்கினேன். முதல் வாரம் இரண்டு மடங்கு இழுத்தேன், ஆகமொத்தம் அதே நிக்கோடின். அதனால் அளவோடு சேர்த்து இடத்தையும் குறைத்தேன். முதலில் படுக்கையறையில் இல்லை. அப்புறம் வீட்டுக்குள்ளேயே இல்லை. கருவி வாசலில் மாட்டியிருக்கும் கோட்டுப் பையில்தான் இருக்கும், இழுக்க வேண்டுமென்றால் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும். சென்னையில் என்னைக் காப்பாற்றிய அதே சோம்பேறித்தனத்தை மறுபடி வேலைக்கு வைத்தேன். 10, 6, 3. ஒவ்வொன்றிலும் இரண்டு மாதம் போல. 3-க்கு வந்த பிறகு மழை பெய்தால் போகாமலே இருந்துவிடுவேன், லெஸ்டரில் மழைக்கா பஞ்சம்? 2025 மே மாதம் ஒருநாள் கோட்டுப் பையில் கை விட்டால் சார்ஜ் இல்லை. சார்ஜ் போட வேண்டும் என்று நினைத்தேன், போடவில்லை. மூன்று வாரம் கழித்துக் கடையில் இருக்கும் பழைய வேப் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். பேட்டரி இருப்பதால் வீட்டுக் குப்பையில் போடக் கூடாது.

போன மாதம் அப்பா போன் செய்தார். அவராகப் போன் செய்வது அபூர்வம். தங்கை, மழை, தேங்காய் விலை எல்லாம் பேசினார். வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது, "நீ கையில ஒட்டியிருந்தியாமே, அது ரொம்ப அரிக்குமாப்பா?" என்றார்.

"கொஞ்சம் அரிக்கும்பா. தினம் இடம் மாத்தி ஒட்டணும்."