இசட்எக்ஸ்81: வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த இரவு

என் பழைய இசட்எக்ஸ்81 வீட்டுக் கம்ப்யூட்டரில், மூன்று வாரமாக இருண்டு கிடந்த திரையின் அடியில் நேற்று ராத்திரி அந்தக் கறுப்புக் கட்டத்து ‘கே’ கர்சர் பளிச்சென்று வந்து நின்றது. கத்தியே விட்டேன்.

மெம்பிரேன் (கீபோர்டின் மெல்லிய தகடு) மாற்றியது, மாடுலேட்டரை (படத்தை ஆன்டெனா சிக்னலாக்கும் பகுதி) தாண்டி காம்போசிட் (நேரடி வீடியோ) எடுத்ததெல்லாம் வழக்கமான வேலை. வம்பு அதற்குப் பிறகுதான். எல்சிடி டிவியில் படம் சாம்பல்மேல் கறுப்பாக வந்தது. என் சாலிடரிங்கைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போனது. யூஎல்ஏ சிப்பின் (வீடியோ உட்படப் பல வேலைகளை ஒன்றாகச் செய்யும் சிப்) முதுகில் 2சி184இ என்று படித்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

இந்தப் பழைய ஃபெராண்டி யூஎல்ஏவில் பேக் போர்ச் (ஒவ்வொரு வரிப் படத்துக்கும் முன் வரும் சின்னக் கறுப்பு இடைவெளி) கிடையாது. சிங்க் (புது வரி தொடங்குவதை டிவிக்குச் சொல்லும் துடிப்பு) முடிந்த கையோடு வெள்ளை தொடங்கிவிடும். டிவி கறுப்பை அளந்து பிடிப்பது அந்த இடத்தில்தான். வெள்ளையையே கறுப்பென்று எடுத்துக்கொள்கிறது. பின்னால் வந்த 2சி210இயில் இது சரியாகிவிட்டது. ஆனால் மெஷினோடு வந்த சிப்பைத் தூக்க மனசு வரவில்லை.

அதனால் ஒரு மோனோஸ்டேபிள் (தூண்டினால் குறித்த நேரம் மட்டும் ஒரு துடிப்பு தரும் சர்க்யூட்) போர்டு கட்டினேன். சிங்க் முடியும் விளிம்பில் கிளம்பி வீடியோவைக் கொஞ்ச நேரம் கறுப்பிலேயே பிடித்து வைக்கும். 2 மைக்ரோவிநாடியில் ஒன்றும் நடக்கவில்லை. நேரத்தை மாற்றும் ட்ரிம்மரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 5ஐ நெருங்கியதும் வெள்ளை அப்படியே மலர்ந்தது.

1981இல் நாலே சிப்பில் முடித்த கம்ப்யூட்டர் இது (என் போர்டில் ராம் இரண்டு 2114 சிப், ஆக ஐந்து). முந்தைய இசட்எக்ஸ்80இல் 21. தனி வீடியோ சிப் இல்லை. பிராசசரான இசட்80ஏவே படம் வரைகிறது. திரையில் உள்ள எழுத்துகளை அது நிரலென்று நினைத்து ஓட்ட, யூஎல்ஏ ஒவ்வொன்றையும் நோ-ஆப் (ஒன்றும் செய்யாத கட்டளை) ஆக்கிக் கொடுக்கும். வரி முடிவின் நியூலைன் குறியீடு 118 மட்டும் அப்படியே போகும். இசட்80க்கு அதுவே ஹால்ட்! வரி முடிந்ததும் தானாக நின்று இன்டரப்டுக்கு (எழுப்பிவிடும் சிக்னல்) காத்திருக்கும். எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத அழகு.

மெம்பிரேன் வாங்குபவர்கள் தட்டை அட்டைக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு வந்த இரண்டில் ஒன்றின் வால் மடிந்தே வந்தது.

அடுத்து ராமை 16கே ஆக்குவது. பின்னால் செருகும், ஆடினால் எல்லாம் அழிந்துபோகும் ராம் பேக் வேண்டாம், உள்ளேயே ஒரு 62256 ராம் சிப் வைக்கப் போகிறேன். அதற்கு முன் மோனோஸ்டேபிள் போர்டுக்கு இடம் பார்க்க வேண்டும். இப்போதைக்கு டேப்பில் தொங்குகிறது, மூடி மூடவில்லை.